முன்வரிசை

அந்தப் பத்திரிகையைக் கொஞ்சம் மடித்து வையுங்கள் தம்பி. அந்த எழுத்தைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு மாதம் அந்த எழுத்துக்கு நடுவில் கிடந்துவிட்டு இன்றைக்குத்தான் ரயில் ஏறியிருக்கிறேன். கடைப் பலகையில் அந்த எழுத்து, பஸ்ஸில் அந்த எழுத்து, கக்கூஸ் கதவில் அந்த எழுத்து. ஆணுக்கு எது, பெண்ணுக்கு எது என்று தெரியாமல், யாராவது உள்ளே போகும்வரை வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகவேண்டும். அறுபத்திரண்டு வயதில் எனக்கு அந்தக் கதி.

நீங்கள் வாசிப்பீர்களா? அந்த ஊர் பேங்கில் ஒன்பது வருஷமா? அப்படியானால் போன மாதம் இதே பத்திரிகையில் மூன்றாம் பக்கத்தில்... சரி, அது பிறகு.

உங்களை சார் என்று கூப்பிட மாட்டேன். மில் மேனேஜரையே நான் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. தோழர் என்றால் பேங்க்காரருக்குப் பயமாக இருக்கும். தம்பி என்றே வைத்துக்கொள்கிறேன். என் பெயர் வெள்ளிங்கிரி. கோயமுத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம் வந்து கோஷம் வெள்ளிங்கிரி என்று கேளுங்கள், ஐம்பது வயதைத் தாண்டிய யாரும் வீட்டைக் காட்டுவார்கள். அதற்குக் கீழே உள்ளவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு என்னதான் தெரியும்.

நான் பேசுவது நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று என் வீட்டுக்காரி ராஜாமணி சொல்வாள். இருக்கும். நோட்டீஸில் படித்தவன் நான். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன், பதினாறு வயதில் மில்லில் சேர்ந்தபோது இருந்த எழுத்தும் மறந்துபோயிருந்தது. சங்கத்துக்குச் சுவரொட்டி ஒட்டப் போவேன், பசை வாளியும் கையுமாக. ஒருநாள் மில் சுவர் நெடுக முப்பது சுவரொட்டியைத் தலைகீழாக ஒட்டிவிட்டு வந்துவிட்டேன். காலை ஷிஃப்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கழுத்தைச் சாய்த்து வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். மேஸ்திரி சிரித்தான். வாட்ச்மேன் சிரித்தான். அன்றைக்கே முடிவு செய்தேன். மிச்சமிருந்த ஒரு நோட்டீஸை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். ஆறு மாதத்தில் வாசித்தேன். அடுத்த வருஷம் நோட்டீஸே நான்தான் எழுதினேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்து ஒருவனும் சிரித்தது கிடையாது.

முப்பத்துநாலு வருஷம் தம்பி. மூன்று முறை வேலை நீக்கம், இரண்டு முறை சிறை. கடைசி வேலைநிறுத்தம் நூற்றுப்பதினொரு நாள். அதற்குப் பிறகு மில்லை மூடிவிட்டான். என்னால்தான் மூடியது என்று சில பேர் இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல்லட்டும். வரலாறு தெரியாதவன் எதையும் சொல்வான்.

இப்போது ஃபிட்டர் வேலை. மூடின மில்லில் இருந்து ரிங் ஃபிரேமைக் கழற்றி, வேறு ஊர் மில்லில் மாட்டிக் கொடுப்பது. ரிங் ஃபிரேம் என்றால் நூல் நூற்கிற இயந்திரம், ஒரு தெரு நீளம் இருக்கும். முன்பு அதை நிறுத்துவது என் வேலை, இப்போது ஓடவைப்பது என் வேலை. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இயந்திரம் முதலாளியுடையது அல்ல, உழைப்பின் சேமிப்பு. நானே எழுதியிருக்கிறேன்.

அப்படித்தான் அந்த ஊருக்குப் போனேன். ஊர் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன். உங்களுக்குத்தான் தெரியுமே.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. லாட்ஜில் உட்கார்ந்து கொசு அடிக்கிற ஆள் இல்லை நான். ஒரு ஊருக்குப் போனால் அந்த ஊரைக் காலால் அளந்துவிடுவேன். முதல் ஞாயிறே கிளம்பிவிட்டேன். என்ன ஊர் தம்பி அது. சுவர் என்றால் என்ன? சுவர் மக்களுடைய பத்திரிகை. ஒரு ஊரின் சுவரைப் பார்த்தால் அந்த ஊரில் யார் யாரை எதிர்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த ஊரில் சுவர் எதற்கு இருக்கிறது? வெற்றிலை எச்சில் துப்ப. ரயில் நிலையத்தில் ஆரம்பித்து கோர்ட்டு வரைக்கும் இடுப்பு உயரத்துக்கு ஒரே சிவப்பு. தூரத்தில் இருந்து பார்த்து, பரவாயில்லையே, இவ்வளவு சிவப்பா என்று சந்தோஷமாகக் கிட்டே போனேன். கிட்டே போனால் நாற்றம்.

அடுத்த ஞாயிறு அரண்மனை. ராஜாவின் செருப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறான். அதைப் பார்க்க ஒரு வரிசை. இந்தச் செருப்பைத் தைத்தவன் பெயர் எங்கே என்று காவலாளியைக் கேட்டேன். தமிழில்தான் கேட்டேன். அவன் கக்கூஸுக்கு வழி காட்டினான்.

பிறகு ஏரி. ஏரியைச் சுற்றி நடக்க டிக்கெட். தண்ணீரைப் பார்த்தால் மேலே பச்சையாக ஆடை கட்டியிருக்கிறது, சாமிக்குப் போட்ட பூவெல்லாம் அதில் அழுகிக் கிடக்கிறது, அதன் பக்கத்திலேயே நின்று குடும்பம் குடும்பமாக எதையோ வாங்கித் தின்கிறார்கள். டீ கொடுக்கிறான், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற அளவு. பருப்பில் வெல்லம். காய்கறியில் வெல்லம். ஒரு ஊரே இனித்துக்கொண்டு இருந்தால் அங்கே எப்படிப் போராட்டம் வரும்? நாக்குக்கு உறைப்பு வேண்டும் தம்பி. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நாலாவது ஞாயிறுதான் தெய்வானையின் தள்ளுவண்டியைப் பார்த்தேன். பெரிய ஜவுளிக் கடைகள் இருக்கிற வீதி. எதிர்ப்பக்கம் சாக்கடையை ஒட்டிப் பதினாலு தள்ளுவண்டி. ஒன்றில் ஆவி பறக்கிறது. இட்லி. வண்டி முகப்பில் சாக்பீஸால் தமிழில் 'இட்லி ரெடி' என்று எழுதியிருந்தது. நாலு வாரத்துக்குப் பிறகு நான் வாசித்த முதல் எழுத்து. நான் அழவில்லை. அடுப்புப் புகை.

தெய்வானைக்குச் சொந்த ஊர் கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஏதோ கிராமம். நாற்பது வயது இருக்கும். புருஷன் ஏழுமலை வாயே திறக்கமாட்டான், மாவு ஆட்டுவான், பாத்திரம் கழுவுவான். பக்கத்து வண்டி பானிபூரி, பீகாரைச் சேர்ந்த ராம்நரேஷ் என்று ஒரு ஆள். இருபது வருஷமாக அந்தப் பதினாலு பேரும் அந்த வீதியில்தான்.

முதல் நாளே நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். சாம்பாரில் சர்க்கரை.

"அம்மிணி, என்ன இது? நம்ம சாம்பாருல சர்க்கரையா? இது துரோகம்."

"விக்கணும் இல்லீங்களா. இவுங்களுக்கு இனிச்சாத்தான் எறங்கும். நீங்க யாரு, இவ்ளோ கோவமா பேசுறீங்க?"

நான் யார் என்று சொன்னேன். இரண்டு இட்லி ஆறும் அளவுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "சரிங்க தலைவரே" என்றாள். மறுநாளில் இருந்து எனக்கு என்று ஒரு சின்னத் தூக்கில் சர்க்கரை போடாத சாம்பார் தனியாக வைத்திருந்தாள். மூன்று மாதம், காலையும் சாயங்காலமும். மில் கான்டீன் பக்கமே நான் போகவில்லை. தலைவரே, சட்னி போதுமா? தலைவரே, இன்னும் ரெண்டு வைக்கவா? அந்த அருவருப்புப் பிடித்த ஊரில் என்னை அடையாளம் கண்டுகொண்ட ஒரே மனுஷி.

நானும் சும்மா சாப்பிட்டுவிட்டு வரவில்லை. அரசியல் பேசினேன். நான் தமிழில் சொல்வேன், அவள் ராம்நரேஷுக்கு அந்த ஊர்ப் பேச்சில் சொல்வாள், அவன் மற்றவர்களுக்குச் சொல்வான். நான் கால் மணி நேரம் பேசியதை அவள் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிப்பாள், அதுதான் எனக்குப் புரியவில்லை. அவர்கள் பாஷை சுருக்கமான பாஷை போல.

ஒருநாள் ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினாள். எதிர்ப்பக்கத்து ஜவுளிக் கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம். தள்ளுவண்டியால் வீதி அசிங்கமாக இருக்கிறது, கார் நிறுத்த இடமில்லை, பதினாலையும் அப்புறப்படுத்து என்று நகராட்சிக்கு எழுதியிருக்கிறார்கள். விசாரணைக்குத் தேதி போடப்போகிறார்கள்.

"நீங்கதான் பெரிய பெரிய விசயமெல்லாம் பாத்தவரு. ஒரு மனு எப்படி எழுதணும்னு சொல்லுங்க தலைவரே."

"மனு எழுதறது பிச்சை எடுக்கிறதுக்குச் சமம் அம்மிணி. நீங்க பதினாலு பேரு இருக்கீங்க. வீதியில இறங்குங்க. ஊர்வலம் போங்க."

"வண்டிய வுட்டுட்டு ஊர்வலம் போனா, திரும்பி வரச்ச வண்டி இருக்காதுங்களே."

"இந்தப் பயம்தான் அவனோட மூலதனம்" என்றேன். ஏழுமலை பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினான். இவர்களை ஆண்டவனாலும் திருத்த முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். அது வியாழக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மணிக்கூண்டுப் பக்கம் நடந்துகொண்டிருக்கிறேன். தூரத்தில் சத்தம். தம்பி, அந்தச் சத்தம் எனக்கு மருந்து மாதிரி. ஒருவன் எடுத்துக்கொடுக்க நூறு பேர் வாங்குகிற சத்தம். திரும்பிப் பார்த்தால் ஊர்வலம். நூறா, முந்நூறு பேர். கையில் தட்டிகள். தட்டியில் என்ன படம் தெரியுமா? தள்ளுவண்டி. மேலே சிவப்பு எழுத்து.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வியாழக்கிழமை விதை போட்டேன், ஞாயிற்றுக்கிழமை முளைத்துவிட்டது. மூன்றே நாள். சிங்காநல்லூரில்கூட இவ்வளவு வேகம் பார்த்ததில்லை.

நான் வேடிக்கை பார்க்கிறவன் இல்லை. ஊர்வலம் என்றால் என் கால் தானாக முன்வரிசைக்குப் போய்விடும். போனேன். அவர்களும் வழிவிட்டார்கள். முன்வரிசை முழுக்க வெள்ளைச் சட்டை, சலவை மடிப்பு. எனக்குப் பெருமையாக இருந்தது. உழைப்பவன் ஊர்வலத்துக்கு அழுக்குச் சட்டையோடு வரக்கூடாது என்று நான் சங்கத்தில் தலையால் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். விரலில் மோதிரங்கள் கண்ணில் பட்டன. கவரிங் என்று நினைத்தேன். எங்களை வெயிலில் நிறுத்தி வைக்கிற போலீஸ்தான் நான் பார்த்த போலீஸ். இங்கே போலீஸ்காரர் பஸ்ஸை நிறுத்தி எங்களுக்கு வழி விடுகிறார். மக்கள் சக்தி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பின்னாலேயே நாலைந்து பெரிய கார்கள் மெதுவாக ஊர்ந்து வந்தன. ஆதரவுக்கு வந்த வக்கீல்களாக இருக்கும். தெய்வானையைத் தேடினேன். காணவில்லை. பெண்களைக் கடைசியில் விட்டிருப்பார்கள், இதையும் அடுத்த கூட்டத்தில் கண்டிக்கவேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

ஒருவர் என் கையில் ஒரு தட்டியைக் கொடுத்தார். உயர்த்திப் பிடித்தேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே அதை என் கையிலிருந்து வாங்கி, மேல் கீழாகத் திருப்பிக் கொடுத்தார். அது ஒன்றுமில்லை. அவசரத்தில் கவனிக்கவில்லை.

கோஷம் எடுத்துக்கொடுத்தவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பழக்கமில்லாத ஆள், அடித்தொண்டையில் கத்துகிறான். கோஷம் வயிற்றில் இருந்து வரவேண்டும். நான் பொறுத்துப் பார்த்தேன். பொறுக்கமுடியவில்லை. கையைத் தூக்கி எடுத்துக்கொடுத்தேன். விடமாட்டோம், விடமாட்டோம். தமிழில்தான். கோஷத்துக்குப் பாஷை எதற்கு, தாளம் போதும். இரண்டாவது முறை சொல்லும்போது முந்நூறு பேரும் வாங்கினார்கள். விடமாட்டோம், விடமாட்டோம். அந்த வாய்களில் தமிழ் எப்படியோதான் இருந்தது, ஆனால் தாளம் பிசகவில்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிறது தம்பி, என் குரலுக்கு முந்நூறு குரல் பதில் சொல்லி. பன்னிரண்டு வருஷம். ஒருவன் போட்டோ எடுத்தான். நான் முஷ்டியை இறக்கவில்லை.

நகராட்சி ஆபீஸ் வாசலில் முடிந்தது. தடிமனான ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, பாட்டிலில் மோர் கொடுத்தார். அதிலும் சர்க்கரை. குடித்தேன்.

தட்டியைத் தோளில் சாத்திக்கொண்டு நேராக இட்லி வண்டிக்குத்தான் போனேன். பதினாலு வண்டியும் இருந்த இடத்திலேயே இருந்தன. எனக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். தட்டியை அவள் வண்டியில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"பாத்தீங்களா அம்மிணி, முன்வரிசையில யாருன்னு? சொன்னேன்ல, வீதியில இறங்கினாப் போதும்னு."

ராம்நரேஷ் வந்து தட்டியை வாசித்தான். என்னைப் பார்த்தான். அவளிடம் ஏதோ சொன்னான். அவள் ஒரு தட்டை எடுத்து இட்லி வைத்தாள்.

"என்ன சொல்றான்?"

"மொதல்ல சாப்புடுங்க தலைவரே. வெயில்ல நடந்து வந்திருக்கீங்க."

ஆறு இட்லி சாப்பிட்டேன். எனக்கான தூக்கில் இருந்துதான் சாம்பார் ஊற்றினாள். கை கழுவி வந்த பிறகுதான் சொன்னாள். சத்தம் போடாமல், மாவு புளித்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "அது எங்கள தூக்கச் சொல்லி கடைக்காரங்க போன ஊர்வலங்க. அந்த அட்டையில எழுதியிருக்கறதும் அதுதான்."

நான் நம்பவில்லை. ராம்நரேஷுக்கு வாசிக்கத் தெரியாது என்றேன். எட்டாவது வரை படித்திருக்கிறான் என்றாள். அப்படியானால் திட்டமிட்ட சதி என்றேன். முதலாளி உழைப்பாளியின் வடிவத்தைத் திருடிக்கொள்கிறான், ஊர்வலத்தைத் திருடுகிறான், கோஷத்தைத் திருடுகிறான், இது ஒரு புதிய கட்டம், இதைப் பற்றி எழுதவேண்டும் என்றேன். அவள் தட்டியைத் திருப்பி, எழுத்து உள்பக்கம் போகிற மாதிரி சாய்த்துவைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு இட்லி எடுத்தாள்.

மறுநாள் பத்திரிகையில் படம். மூன்றாம் பக்கம், மேலே. நடுவில் நான். என் முஷ்டி. நல்ல படம், அதைச் சொல்லவேண்டும். கீழே போட்டிருந்ததை ராம்நரேஷ் வாசித்தான். வெளி மாநிலத்து ஏழைத் தொழிலாளிகூட வணிகர்களோடு கை கோத்தார் என்று இருந்ததாம். ஏழைத் தொழிலாளி. பெயர்கூடப் போடவில்லை.

அதோடு விட்டார்களா? அந்தப் படத்தை வெட்டி வழக்கோடு இணைத்துவிட்டார்கள் கடைக்காரர்கள். தள்ளுவண்டியில் சாப்பிடுகிற மாதிரி ஆளே தள்ளுவண்டி வேண்டாம் என்கிறான், பாருங்கள் என்று. மனு எழுதுகிற ஒருவர் தெய்வானையிடம் சொல்லியிருக்கிறார், மற்றதற்கெல்லாம் பதில் இருக்கிறது, நடைபாதைக்குக் காசு கட்டின பழைய ரசீது எல்லாம் இருக்கிறது, இந்தப் படத்துக்கு மட்டும் படத்தில் இருக்கிற ஆள்தான் பதில் சொல்லவேண்டும் என்று.

விசாரணை நாளைக்கு. காலை பதினோரு மணிக்கு.

போன வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். மேலே அந்த ஊர் எழுத்து, கீழே தமிழில் அவளே எழுதியது. இரண்டு வரி. இது எதற்கான ஊர்வலம் என்று தெரியாமல் நான் இதில் நடந்தேன். மூன்று மாதமாக நான் சாப்பிடுவது இந்த வண்டிகளில்தான். அவ்வளவுதான். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"ரெண்டு வரிதான் தலைவரே. ஒரு கையெழுத்து."

நீங்கள் சொல்லுங்கள் தம்பி. முப்பத்துநாலு வருஷம் ஊர்வலம் நடத்தியவன். எந்த ஊர்வலம் என்றே தெரியாமல் நடந்தேன் என்று எழுதி, கீழே வெள்ளிங்கிரி என்று கையெழுத்துப் போடுவதா? நாளைக்கு அந்தத் தாள் சிங்காநல்லூருக்கு வராது என்று என்ன நிச்சயம்? மில்லை மூடவைத்தவன் என்று சொல்கிற வாய்கள் அங்கே காத்துக்கொண்டு இருக்கின்றன. பார்த்தாயா, அவன் எந்த ஊர்வலத்தில் எதற்கு நடந்தான் என்று அவனுக்கே தெரிந்ததில்லை என்பார்கள். மொத்தத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

அவளிடம் அப்படியெல்லாம் சொல்லவில்லை. "வாசகம் சரியில்லை அம்மிணி" என்றேன்.

"நடந்தது அதுதானுங்களே."

"நடந்ததுக்கு ஒரு பின்னணி இருக்குது. நான் விளக்கமா எழுதித் தர்றேன்."

எழுதினேன். மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். பதினெட்டுப் பக்கம். அந்த நகரத்து வணிக வர்க்கத்தின் தோற்றமும் சூழ்ச்சியும். பையில்தான் இருக்கிறது, பிறகு காட்டுகிறேன், நீங்கள் அந்தப் பாஷைக்கு மாற்றிக் கொடுத்தால் அச்சடிக்கலாம். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "இதுல ஊர்வலத்தப் பத்தி எங்கிருக்கு?" என்றாள். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது என்றேன்.

அப்போதுதான் ஏழுமலை வாயைத் திறந்தான். மூன்று மாதத்தில் முதல்முறை. மாவு ஒட்டின கையைத் துடைத்துக்கொண்டே, "வுடு தெய்வான. அவரு பெரிய ஆளு. சின்ன காயிதத்துலல்லாம் கையெழுத்துப் போடமாட்டாரு" என்றான்.

அந்த நக்கல் எனக்குத் தேவையா? சொல்லுங்கள். யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினேனோ அவனே நக்கல் அடிக்கிறான். அதுதான் அந்த ஊர். அந்த ஊருக்குப் போனால் நம்ம ஆளும் அப்படி ஆகிவிடுகிறான். பதினெட்டுப் பக்கத்தையும் அவள் என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வேலை முடிந்துவிட்டது தம்பி. கடைசி ஃபிரேம் சனிக்கிழமை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மேனேஜர் சொன்னான். சனிக்கிழமை வரை எதற்கு? நூல் சுற்றுகிற ஸ்பிண்டில் எல்லாம் நேராக நிற்கிறது, சத்தம் இல்லை, இனிமேல் அவன் ஆளே பார்த்துக்கொள்வான். நான்தான் இன்றைக்கே டிக்கெட் போடச் சொன்னேன். அந்த ஊரில் இன்னொரு நாள் இருந்தால் வாந்தி எடுத்துவிடுவேன். அதனால்தான். வேறு காரணம் இல்லை.

இதுவா? இது அவள் கட்டிக்கொடுத்த பொட்டலம். ஸ்டேஷனுக்கு அந்த வீதி வழியாகத்தான் வரவேண்டும், ஆட்டோக்காரன் வேறு வழியில் வரமாட்டேன் என்றுவிட்டான். வண்டியை நிறுத்தச் சொல்லி அவளே கொண்டுவந்து கொடுத்தாள். "வழிக்கு வச்சிக்குங்க ஐயா" என்றாள். பரபரப்பில் ஐயா என்று வந்துவிட்டது. காலை நேரம், கூட்டம் அதிகம்.

நீங்களும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பார் இந்தப் பையில் இருக்கிறது.

இனிக்கிறதா? கொடுங்கள் பார்க்கலாம்.

இனிக்கிறது. சர்க்கரை போட்டது. தூக்கு மாறிப்போய் ஊற்றிவிட்டாள். மூன்று மாதமாக மாறவில்லை, இன்றைக்கு மாறியிருக்கிறது. சொன்னேன் இல்லையா, காலை நேரம், கூட்டம். தூ. வாயெல்லாம் இனிப்பு. வைத்துவிடுங்கள், சாப்பிடாதீர்கள்.

இட்லிக்கு அடியில் என்ன அது? காகிதமா? கொடுங்கள்.

அதே தாள்தான். நாலாக மடித்து பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள், எண்ணெய் படாமல். கீழே என்ன எண் அது? ராம்நரேஷின் போன் எண்ணா? நீங்கள் எதற்கு அதை வாசிக்கிறீர்கள். சரி, வாசியுங்கள். நான் சொன்னதுதானே இருக்கிறது? நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லையே?

என்ன, இப்போதே போட்டாலும் போதுமா? போனில் படம் எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்பினால் நாளைக்குப் பதினோரு மணிக்குள் சேர்ந்துவிடுமா? இப்போதே சேர்ந்துவிடுமா? விஞ்ஞானம் அவ்வளவு வளர்ந்துவிட்டது. எனக்குத் தெரியாமல் இல்லை. ராஜாமணியிடம்கூட அந்த மாதிரி போன் இருக்கிறது.

பேனா எடுத்துவிட்டீர்களா. பேங்க்காரர் அல்லவா, சட்டைப் பையிலேயே தயாராக இருக்கும். கொடுங்கள். நான் மாட்டேன் என்று எப்போது சொன்னேன்? அவளிடமும் மாட்டேன் என்று சொல்லவில்லை. வாசகம் சரியில்லை என்றுதான் சொன்னேன். அதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஆனால் ஓடுகிற வண்டியில் போட்ட கையெழுத்து கோணிக்கொண்டு போகும் தம்பி. என் கையெழுத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒரே வீச்சு, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு. ஒப்பந்தத் தாள்களில் பார்த்த மேனேஜர்கள் ஆளைப் பார்க்காமலே பயப்படுவார்கள். அது கோணினால் என்ன ஆகும்? கள்ளக் கையெழுத்து என்று கடைக்காரன் வக்கீல் ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவான். தெய்வானைக்குத்தான் கெடுதல். அவளுக்காகத்தான் சொல்கிறேன். எங்காவது நிற்கட்டும், போட்டுவிடுகிறேன். அடுத்த ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?

தாளைத் தொடையில் வைத்துக்கொள்கிறேன். அந்தச் சூட்கேஸைக் கொடுங்கள், அடியில் வைத்துக்கொள்ளலாம். இப்படி.

தெரியாமல் நான் இதில் நடந்தேன். அவள் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, அஞ்சாம் வகுப்புப் படித்தவளுக்கு. ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. பிழை இருந்தால் திருத்தலாம்.

பாருங்கள், பேனா முனை கோட்டில் நிற்கவே மாட்டேன் என்கிறது. எப்படிக் குலுக்குகிறான் பாருங்கள். தண்டவாளத்தைப் பராமரிப்பது கிடையாது, ஆள் போடுவது கிடையாது, எல்லாம் குத்தகை. இதைப் பற்றியே ஒரு நோட்டீஸ் எழுதலாம். இப்படிக் குலுக்கினால் மனுஷன் எங்கே கையெழுத்துப் போடுவது.

என்ன சொல்கிறீர்கள்?

வண்டி நின்று பத்து நிமிஷம் ஆகிறதா?

ஆமாம். பிளாட்பாரத்தில் அந்த டீக்காரர் அதே இடத்தில்தான் நிற்கிறார்.

சரி. பேனா என்னிடமே இருக்கட்டும் தம்பி. நீங்கள் போனைக் கொஞ்சம் உள்ளே வையுங்கள், அதை அப்படி நீட்டிக்கொண்டு இருக்காதீர்கள். நிற்கிற வண்டியில் ஒரே புழுக்கம். கிளம்பட்டும், பார்க்கலாம்.